தாத்தா பெயருக்கு மேலே யார்? குடும்ப வரலாறு தேடுவோரின் சந்தேகங்களும் விளக்கங்களும்

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியதும் தமிழ்நாட்டில் பாதிப்பேர் பழைய பட்டியல்களைப் புரட்டினார்கள். அம்மா எந்த வாக்குச்சாவடியில் இருந்தார், அப்பாவின் பெயர் எப்படி எழுதப்பட்டிருந்தது என்று தேடியவர்களில் சிலர் அதோடு நிற்கவில்லை. தாத்தாவின் அப்பா யார், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கூடவே டிஎன்ஏ பரிசோதனை விளம்பரங்களும் கண்ணில் படுகின்றன. இந்த இரண்டு வழிகளையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் சந்தேகங்களை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

*தாத்தாவின் பெயர் தெரியும். அதற்கு மேலே ஒன்றும் தெரியாது. எங்கே தொடங்குவது?*

அலுவலகத்துக்குப் போகாதீர்கள். குடும்பத்திலேயே வயதான பெண்ணிடம் போய் உட்காருங்கள். ஆண்கள் பெரும்பாலும் தகப்பன் வழியை மட்டும் சொல்வார்கள். யார் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார், எந்த வீட்டில் பெண் எடுத்தோம், எந்தக் குழந்தை தங்கவில்லை என்பதெல்லாம் பாட்டிகளின் கணக்கு. "பரம்பரையைச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. "உங்க கல்யாணத்துக்கு யார் யார் வந்தாங்க? சீர் யார் கொண்டு வந்தா?" என்று கேளுங்கள். பேச்சைக் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாம் முறை கேட்கும்போது வேறொன்று சொல்லக்கூடும், அந்த வித்தியாசமும் தடயம்தான்.

அடுத்தது டிரங்குப் பெட்டி. ஜாதகக் கட்டு, கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பழைய ரேஷன் கார்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் மேலாக மொய் நோட்டு. ஒரு கல்யாணத்து மொய் நோட்டில் ஊர் வாரியாக, உறவு வாரியாக நூறு பேர் இருப்பார்கள். தொகையைப் பார்த்தே தாய்மாமன் யார், தூரத்துப் பங்காளி யார் என்று கண்டுபிடித்துவிடலாம்.

மூன்றாவது, குலதெய்வக் கோயில். கும்பாபிஷேகத்துக்கோ கொடைக்கோ வரி பிரிக்கும்போது எழுதிய தலைக்கட்டு நோட்டு பூசாரியிடமோ கோயில் பொறுப்பாளரிடமோ இருக்கும். நான்கு மாவட்டங்களில் சிதறிப்போன பங்காளிகளை ஒரே இடத்தில் காட்டும் பட்டியல் வேறெதுவும் இல்லை. நகரத்தார் குடும்பமாக இருந்தால் வேலை இன்னும் எளிது. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில் தொடங்கி ஒன்பது நகரக் கோயில்களும் தங்கள் புள்ளிகளை, அதாவது மணமான குடும்பங்களை, கணக்கு வைத்திருக்கின்றன. திருமணமும் அங்கே பதிவாகிறது.

*எங்கள் வீட்டில் தலைமுறைக்குத் தலைமுறை அதே பெயர்தான். யார் யார் என்று பிரிப்பது எப்படி?*

பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பதால் வரும் தொல்லை இது. முத்துச்சாமி மகன் கருப்பையா, கருப்பையா மகன் முத்துச்சாமி, மறுபடி முத்துச்சாமி மகன் கருப்பையா. அண்ணன் தம்பி இருவரும் தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயரையே வைத்திருந்தால் ஒரே காலத்தில், ஒரே ஊரில், ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள். பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பெயர், தகப்பன் பெயர், மனைவி பெயர், நிலத்தின் சர்வே எண், இவற்றில் குறைந்தது மூன்று ஒத்துப்போக வேண்டும். பட்டப்பெயரையும் குறித்துவையுங்கள். வீட்டில் 'சின்னான்' என்று கூப்பிட்டவர் பத்திரத்தில் 'சின்னச்சாமி'யாகவும் பள்ளியில் 'சாமிநாத'னாகவும் இருப்பார்.

பெண்களுக்கு இன்னொரு சிக்கல்: திருமணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின் கணவரின் இனிஷியல். சிலருக்குப் புகுந்த வீட்டில் பெயரையே மாற்றியிருப்பார்கள். வயதையும் நம்ப வேண்டாம். பத்திரத்தில் எழுதும் வயது அன்றைக்கு எழுத்தர் கண்ணுக்குத் தெரிந்த வயது. பள்ளியில் சேர்க்கும்போது வயது நிரம்பியதாகக் காட்ட வாத்தியார் போட்ட மே, ஜூன் மாதப் பிறந்த நாள்கள் இன்றுவரை பலருக்குத் தொடர்கின்றன.

*பிறப்பு, இறப்புப் பதிவுகள் எவ்வளவு காலத்துக்குப் பின்னால் கிடைக்கும்?*

இப்போதுள்ள சட்டம் 1969-இல் வந்தது. ஆனால் சென்னை மாகாணத்துக்கென 1899-லேயே தனிச் சட்டம் இருந்தது. நகராட்சிகளில் அதையொட்டிய பழைய பதிவேடுகள் இருக்கின்றன. கிராமங்களில் மணியக்காரர் எழுதி அனுப்பியவை சார்பதிவாளர் அலுவலகங்களிலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ இருக்கலாம். எல்லா ஊருக்கும் முழுமையாக இல்லை. கறையான் தின்றது பாதி, எழுதாமல் விட்டது பாதி. பழைய பிறப்புப் பதிவில் பல சமயம் குழந்தையின் பெயரே இருக்காது, "ஆண்", "பெண்" என்றுதான் இருக்கும். ஆகவே தகப்பன் பெயரையும் உத்தேச ஆண்டையும் வைத்துத் தேடச் சொல்ல வேண்டும். தோராயமாக என்று சொன்னால் அலுவலகத்தில் முகம் சுளிப்பார்கள். ஐந்து ஆண்டு வரம்பு கொடுத்து, அதற்குரிய தேடல் கட்டணத்தைக் கட்டி, எழுத்தில் விண்ணப்பியுங்கள்.

*மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்க்க முடியாதா?*

முடியாது. பிரிட்டனில் 1921 கணக்கெடுப்பும் அமெரிக்காவில் 1950 கணக்கெடுப்பும் பெயரோடு 2022-இல் பொதுப்பார்வைக்கு வந்தன. இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிநபர் விவரங்கள் ரகசியம். இந்தக் கதவைத் தட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

*நிலப் பத்திரங்களில் குடும்ப வரலாறு கிடைக்குமா?*

கிடைக்கும். சொத்து வைத்திருந்த தமிழ்க் குடும்பத்துக்கு இதைவிடச் செழிப்பான ஆவணம் இல்லை என்பது என் கருத்து. கிரயப் பத்திரம் ஒவ்வொன்றும் "இன்ன ஊரிலிருக்கும் இன்னார் குமாரர் இன்னாருக்கு" என்று தொடங்கும். இரண்டு தலைமுறை முதல் வரியிலேயே வந்துவிடும். அதைவிட மேல், பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பிகள் அத்தனை பேர், இறந்துபோன சகோதரனின் விதவை, "மைனருக்காக கார்டியன் தாயார்" என்று கையொப்பமிட்ட பெண், எல்லோரும் ஒரே தாளில் நிற்பார்கள். சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் பத்தியைத் தவறவிடாதீர்கள். "எங்கள் பாட்டனார் இன்னார் இன்ன தேதியில் கிரயம் பெற்று" என்று மேலே ஏற ஓர் ஏணி அங்கே இருக்கும். நான்கெல்லையையும் படியுங்கள். "இன்னார் நிலத்துக்குக் கிழக்கு" என்று வருகிற அந்த இன்னார் பெரும்பாலும் முன்பே பிரிந்துபோன பங்காளி.

வில்லங்கச் சான்றிதழில் தொடங்குங்கள். பதிவுத் துறையின் இணையதளத்தில் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975-க்குப் பிறகானவை கிடைக்கின்றன. அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடும்படி மனு கொடுக்க வேண்டும். ஊர் இப்போது ஓர் அலுவலகத்தின் கீழும் 1930-இல் வேறொன்றின் கீழும் இருந்திருக்கலாம். அதை முதலில் விசாரியுங்கள். வில்லங்கத்தில் ஆவண எண் கிடைத்ததும் அந்தப் பத்திரத்தின் நகலுக்கு மனு போடலாம்.

வருவாய்த் துறைப் பக்கம் 'அ' பதிவேடு, அதற்கு முன் செட்டில்மென்ட் பதிவேடு. 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டன; அதற்கு முந்தைய பட்டாதாரர் பெயரைக் கேட்டு வாங்குங்கள், தாத்தா அங்கேதான் இருப்பார். கோயில் மானியம், ஊழிய மானியம் என்று இனாம் நிலம் வைத்திருந்த குடும்பமாக இருந்தால் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போவது வீண்போகாது. 1858-இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன் தொகுத்த பதிவேடுகளில் மானியம் யாருக்கு, யார் கொடுத்தது, அன்றைக்கு அனுபவிப்பவர் யார் என்ற விவரங்கள் இருக்கின்றன. 1860-களில் உயிரோடு இருந்த ஒருவரின் பெயர் வேறெங்கே கிடைக்கும்?

*பழைய பத்திரத்தில் ஆண்டே புரியவில்லையே?*

வருவாய்க் கணக்குக்கான பசலி ஆண்டு இருந்தால் அதோடு 590-ஐக் கூட்டுங்கள்; அந்த ஆங்கில ஆண்டின் ஜூலையில் அந்தப் பசலி தொடங்குகிறது. பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. கன்னியாகுமரி மாவட்டப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். 824 அல்லது 825 கூட்ட வேண்டும். "விரோதி வருஷம்" என்று மட்டும் இருந்தால் கவனம் தேவை: பெயர் அறுபது ஆண்டுக்கொருமுறை திரும்பும், 1889, 1949, 2009 மூன்றுமே விரோதிதான். முத்திரைத்தாளில் யார் தலை அச்சாகியிருக்கிறது என்று பார்த்தால் எந்தச் சுற்று என்று தெரிந்துவிடும்.

*எங்களுக்கு நிலமே கிடையாது. கூலி வேலை செய்த குடும்பம். எங்களுக்கு ஆவணம் ஏது?*

நியாயமான கேள்வி. ஆவணக் காப்பகங்கள் நிலம் வைத்திருந்தவர்களின் பக்கம் சாய்ந்தவை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் வழி அடைபடவில்லை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீரின் அறிக்கையை அடுத்து 1892 முதல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு ஒப்படைக்கப்பட்ட நிலங்கள், மக்கள் பஞ்சமி நிலம் என்று சொல்பவை, வருவாய்ப் பதிவேடுகளில் 'டி.சி.' நிலம் என்று குறிக்கப்பட்டிருக்கும். நிலம் கைமாறிப் போயிருந்தாலும் முதலில் ஒப்படைப்புப் பெற்றவரின் பெயர் பழைய பதிவேட்டில் நிற்கும். அது கொள்ளுத்தாத்தாவின் பெயராகவும் இருக்கலாம், இன்றைக்கும் உயிருள்ள உரிமைப் பிரச்சினையாகவும் இருக்கலாம்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பஞ்சாலைச் சேவைப் பதிவேடு, ரயில்வே பணிப்பதிவேடு ஆகியவையும் உண்டு. இரண்டு உலகப் போர்களிலும் சென்னை மாகாணப் படைப்பிரிவுகளில் இறந்தவர்களின் பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடலாம். கிறிஸ்தவர்களுக்கு ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் பெரிய வரம். தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷன் 1706-இல் தொடங்கியது. கத்தோலிக்கப் பங்குகளில் அதற்கும் பழையவை இருக்கலாம். பங்குத்தந்தையிடம் நேரில் போய்க் கேட்பதுதான் வழி; கடிதத்துக்குப் பதில் வராது.

புதுச்சேரி, காரைக்கால்காரர்களுக்கு ஒரு தனிச் சலுகை. பிரெஞ்சு நிர்வாகத்தின் குடிமைப் பதிவேடுகள் நுணுக்கமானவை. பிரான்சில் ஏக்ஸ் ஆன் ப்ரொவான்ஸ் நகரிலுள்ள காலனிய ஆவணக் காப்பகத்திலும் பிரதிகள் இருக்கின்றன. 1881 செப்டம்பர் ஆணையின்படி தங்கள் சாதிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்து பதிந்தார்கள். தமிழர்களில் குடும்பப் பெயர் இன்ன நாளில் தொடங்கியது என்று தாளில் காட்டக்கூடியவர்கள் அவர்கள்.

*கொள்ளுத்தாத்தா கப்பலேறிப் போனதாகச் சொல்வார்கள். தேட முடியுமா?*

எந்த நாட்டுக்குப் போனார் என்பதைப் பொறுத்தது. ஒப்பந்தக் கூலியாகப் போயிருந்தால் ஆவணம் அபாரமாக இருக்கும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பலான ட்ரூரோ 342 பேரோடு சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16-இல் டர்பனை அடைந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாக. கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள தழும்பு வரை உண்டு. மொரீஷியஸுக்கு 1834 முதல் போனவர்களின் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன; 1860-களுக்குப் பின் பலருக்குப் புகைப்படமும் உண்டு. பிஜிக்குச் சென்னையிலிருந்து 1903 முதல்தான் கப்பல் போனது.

இங்கிருந்து தேடுபவர்களைவிட, டர்பனிலிருந்தும் மொரீஷியஸிலிருந்தும் ஊரைத் தேடி வருகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் தடுமாறும் இடம் ஊர்ப் பெயர். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது அது. அதை வாய்விட்டுப் படித்து, அந்தத் தாலுகாவின் கிராமப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். மாவட்டமும் மாறிவிட்டது. பட்டியலில் உள்ள 'வட ஆற்காடு' 1989-இல் பிரிக்கப்பட்டது. அதற்கும் முன்பே 1911-இல் சில தாலுகாக்கள் சித்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம்.

இலங்கைக்கும் மலாயாவுக்கும் கதை வேறு. கங்காணி என்ற ஆள்சேர்க்கும் மேஸ்திரி கூட்டிப்போனவர்களுக்கு அப்படி ஆள்வாரியான கப்பல் பட்டியலை எதிர்பார்க்க முடியாது. இலங்கைத் தோட்டத்தில் 'செக்ரோல்' என்ற தொழிலாளர் பெயர்ப் பதிவேடு இருந்தது. ஆனால் பெருங்கொடை, தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகான தாள்கள்தான். தாயகம் திரும்பியவர்களுக்குக் கொடுத்த பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் பாருங்கள்; தோட்டத்தின் பெயர், குடும்பத்தினர், பூர்வீக ஊர் ஆகியவற்றைத் தேடவேண்டிய இடம் அதுதான். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் குடியேறிய வீடுகளில் இவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். மலேசியக் குடும்பங்களுக்கு 1948-இல் தொடங்கிய அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றும்தான் முதல் பிடி.

*டிஎன்ஏ பரிசோதனையில் எது எதைச் சொல்லும்?*

மூன்று வகை. ஒய் குரோமோசோம் சோதனை அப்பா, அப்பாவின் அப்பா என்று ஆண் வழியை மட்டும் காட்டும். ஆண்களுக்கு மட்டுமே செய்ய முடியும். மைட்டோகாண்ட்ரியா சோதனை அம்மா, அம்மாவின் அம்மா என்று பெண் வழி. இரண்டும் பல்லாயிரம் ஆண்டுப் பழமையைப் பேசும். உங்கள் கொள்ளுத்தாத்தா யார் என்று சொல்லாது. குடும்பம் தேடுபவருக்குப் பயன்படுவது, அப்பா வழி அம்மா வழி இரண்டையும் பார்க்கும் ஆட்டோசோமல் சோதனை. எச்சிலைக் குழாயில் துப்பியோ கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தேய்த்தோ அனுப்பினால், அதே நிறுவனத்தில் சோதித்த மற்றவர்களோடு ஒப்பிட்டு உறவினர் பட்டியல் தரும்.

உங்கள் டிஎன்ஏவில் பொதுவாக இருப்பது பெற்றோரோடு பாதி, தாத்தா பாட்டியோடு கால் பங்கு, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளோடு 12.5 சதவீதம். தாத்தாக்கள் உடன்பிறந்தவர்கள் என்றால் சுமார் 3 சதவீதம். கொள்ளுத்தாத்தாக்கள் உடன்பிறந்தவர்கள் என்றால் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அந்த உறவில் பத்தில் ஒருவரோடு பொதுத் துண்டே தென்படாது. அதனால் "பொருந்தவில்லை, ஆகவே உறவில்லை" என்ற வாதம் தூரத்து உறவில் செல்லாது.

*நாங்கள் சொந்தத்துக்குள்ளேயே கட்டுகிறவர்கள். கணக்கு மாறுமா?*

அடியோடு மாறும். மேலே சொன்ன சதவீதங்களும் நிறுவனங்கள் தரும் உறவுப் பெயர்களும், உறவுக்குள் மணம் செய்யாத மேலைநாட்டுக் குடும்பங்களை மனத்தில் வைத்தவை. தமிழ்நாட்டிலோ, 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நான்கில் ஒரு திருமணத்துக்கு மேல் நெருங்கிய சொந்தத்தில் நடந்தவை.

பெண் கொடுத்துப் பெண் எடுத்த இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் அப்பா வழியிலும் சொந்தம், அம்மா வழியிலும் சொந்தம். சாதாரண அத்தை பிள்ளைகளுக்கு 12.5 சதவீதம் என்றால் இவர்களுக்கு 25. கணினிக்கு அந்தக் கணக்கு ஒரு தகப்பனுக்கு இரண்டு தாரத்துப் பிள்ளைகளைப் போலத் தெரியும், அப்படியே எழுதியும் கொடுக்கும். விஷயம் தெரியாமல் அறிக்கையைப் படிக்கிறவர் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அக்காள் மகளைக் கட்டியவரின் பிள்ளைக்கு அம்மாச்சியே அத்தையும். அங்கே அளவு வழக்கமான கால் பங்கைவிட மிகக் கூடிவிடும்.

தூரத்து உறவிலும் இதே குழப்பம். ஒரே சாதிக்குள் தலைமுறைதலைமுறையாக மணம் நடந்தால், ஒருவருக்கொருவர் தெரியாத குடும்பங்களும் பட்டியலில் மூன்றாம், நான்காம் நிலைச் சொந்தமாக வந்து நிற்கும். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் தெற்காசியாவின் 263 குழுக்களை ஒப்பிட்டதில், 81 குழுக்களில், சில முன்னோரிடமிருந்தே பெருகியதைக் காட்டும் இந்த உட்சுருக்கம் பின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விட வலுவாக இருந்தது. எனவே மொத்த அளவை நம்பாமல் நீளமான ஒற்றைத் துண்டைப் பாருங்கள். சிறுசிறு துண்டுகளாகச் சேர்ந்த தொகை பழைய சாதி உறவாக இருக்கலாம். 20, 30 சென்டிமார்கன் (டிஎன்ஏ துண்டை அளக்கும் அலகு) நீளத்தில் ஒரே துண்டு இருந்தால் விசாரிக்கத் தகுந்த உறவு. ஆனால் குடும்ப மரம் கையில் இல்லாமல் அந்த விசாரணையைத் தொடங்கவே முடியாது. காகிதத்துக்குப் பிறகுதான் எச்சில் குழாய் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

*டிஎன்ஏ என் சாதியை, இனத்தைச் சொல்லுமா? மதுரைப் பக்கம் 'முதல் இந்தியர்' கிடைத்தார் என்று படித்தேனே?*

சாதியைச் சொல்லாது. "தென்னிந்தியர் இத்தனை சதவீதம்" என்பது அந்த நிறுவனத்திடம் உள்ள மாதிரிகளோடு செய்த ஒப்பீடு. மாதிரித் தொகுப்பைப் புதுப்பித்தால் உங்கள் சதவீதமும் மாறும், நீங்கள் மாறவில்லை.

மதுரைச் செய்தி, எம்130 என்ற ஒய் குரோமோசோம் அடையாளத்தைப் பற்றியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழு அதை அந்தப் பக்கத்து ஒருவரிடம் கண்டறிந்தது. அந்தக் கிளை ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் மத்திய ஆசியாவிலும்கூட உண்டு. ஒருவருடைய ஒரே ஒரு ஆண் வழியை அது காட்டுகிறது. அவருக்கு ஐந்து தலைமுறைக்கு முன் முப்பத்திரண்டு முன்னோர் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. மேடையில் பேச நல்ல செய்தி, குடும்ப வரலாற்றுக்கு உதவாது.

*இந்த அறிக்கையை வைத்துச் சொத்தில் பங்கு கேட்கலாமா?*

முடியாது. யாருடைய எச்சில் என்பதற்கே அங்கே சாட்சி இல்லை. திருமண உறவு நிலைத்திருக்கும்போது பிறந்த குழந்தை அந்தத் தம்பதியின் குழந்தையே என்று சட்டம் கொள்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 116. குழந்தைகளுக்கு எடுத்த எடுப்பில் டிஎன்ஏ சோதனைக்கு உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023-இலும் சொன்னது. பங்குக்கு வாரிசுச் சான்றும் பத்திரமும்தான் தேவை.

*தகவல் வெளியே போய்விடுமா?*

போகலாம். 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ சோதனை நிறுவனத்தில் 2023-இல் நடந்த ஊடுருவலில் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் கசிந்தது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. டிஎன்ஏ பயன்பாட்டை ஒழுங்குபடுத்த இந்திய நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த 2019 மசோதா 2023 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. சோதனைக்கு முன் உறவினர் பட்டியலில் தெரிய வேண்டுமா, மாதிரியைச் சேமிக்க வேண்டுமா, ஆய்வுக்குக் கொடுக்க வேண்டுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் படித்துப் பார்த்துப் பதில் குறியுங்கள்.

இன்னொன்று. சோதனை உங்களுடையதாக இருந்தாலும் பதில் உங்கள் அண்ணனுக்கும் அத்தைக்கும் சேர்த்துத்தான். தத்துப்பிள்ளை, மறைத்த முதல் தாரம், வெளியே சொல்லாத தகப்பன் என்று வீட்டில் மூடிவைத்தது ஏதேனும் இருந்தால் வெளிவரும். பெரியவர்களிடம் முன்கூட்டியே இதைச் சொல்லிச் சம்மதம் வாங்குவது மரியாதை. சம்மதிக்காதவரின் எச்சிலை ஏமாற்றி வாங்கி அனுப்புவது தவறு.

*ஒருவருக்குச் சோதனை செய்யத்தான் காசு இருக்கிறது. யாருக்குச் செய்வது?*

உங்களுக்கு வேண்டாம். வீட்டிலேயே மூத்தவருக்கு, முடிந்தால் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ செய்யுங்கள். தலைமுறைக்குப் பாதி கழிகிறது. அவரிடம் இருப்பதில் கால் பங்குதான் உங்களிடம் இருக்கிறது. அப்பா வழித் தேடல் என்றால் அப்பாவின் அக்காவைவிட அண்ணன் மேல், ஒய் சோதனையும் பிறகு செய்துகொள்ளலாம். குழாயில் துப்புவதற்கு அரைமணி நேரம் முன்பிருந்து அவர் வெற்றிலை, காபி, தண்ணீர் எதுவும் தொடக் கூடாது. வயதானவர்களுக்கு எச்சில் ஊறுவது சிரமம் என்பதால், பஞ்சால் தேய்த்தெடுக்கும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள்.